வீடு விற்ற பின் சாவியைக் கொடுக்கும் நாள் வரை: மாறிப் போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே "வீடு வித்தாச்சு" என்ற செய்தி சொந்தபந்தம் முழுக்கப் போய்விடுகிறது. உண்மையில் அன்று வீடும் கைமாறவில்லை, பணமும் கைக்கு வரவில்லை. எஸ்.பி.ஏ. என்று நம்மவர்கள் சொல்லும் அந்த ஒப்பந்தத்திற்கும் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கும் நடுவே நான்கு மாதம் ஓடுவது சாதாரணம். சில வீடுகளுக்கு ஆறு மாதமும் தாண்டும். வீடு மாறும் குடும்பங்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் வருகிறது. வராத பணத்தை நம்பிப் புது வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். லோரி பேசி வைத்த பிறகு தேதி தள்ளிப்போகிறது. இன்னும் சிலர் வாங்குபவர் நல்ல மனிதர்தானே என்று சாவியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மீதிப் பணத்துக்காக வழக்கறிஞர் அலுவலகத்திற்கு நடையாய் நடக்கிறார்கள்.

இங்கே சொல்லப்படுவது மலேசியாவில் சொந்தப் பெயரில் கிராந்து உள்ள தரை வீடுகளுக்கும், பிளாட், அடுக்குமாடி வீடுகளுக்கும் பொருந்தும். தோட்டத்து லயன் வீடுகள் நிர்வாகத்தின் சொத்து. அவற்றைக் காலி செய்வது வேறு சட்டம், வேறு கதை.

தேதியை முடிவு செய்வது யார்?

வழக்கமான ஒப்பந்தத்தில் வாங்குபவர் கையெழுத்தின்போது விலையில் 10 விழுக்காட்டைக் கட்டுகிறார். மீதி 90 விழுக்காட்டை மூன்று மாதத்திற்குள் கட்ட வேண்டும். முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் தவணை உண்டு. அந்த மாதத்திற்கு வட்டி கட்ட வேண்டும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு 8 விழுக்காடு. 350,000 ரிங்கிட் வீட்டில் 315,000 ரிங்கிட் பாக்கி இருந்தால் அந்த வட்டி நாளுக்கு ஏறக்குறைய 69 ரிங்கிட். வாங்குபவரின் வங்கிக்கடன் தாமதமாவது அன்றாடம் நடப்பதுதான். ஆகவே மூன்று மாதம் என்று எழுதியிருந்தாலும் நான்கு மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

குத்தகை நிலத்தில் உள்ள வீடு, அதாவது லீஸ்ஹோல்டு என்றால் கணக்கே வேறு. மாநில அரசின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அந்த மூன்று மாதம் ஓடத் தொடங்கும். மலிவு விலை வீடுகளின் கிராந்தில் 'செகாத்தான் கெபெந்திங்கான்' என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கும். அனுமதியின்றி விற்கக்கூடாது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். கிராந்தை எடுத்து அந்த வரியைப் படித்துப் பார்க்காமல் வீடு மாறும் தேதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

அந்தக் காகிதத்தில் பெயர் யாருடையது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தகப்பனார் காலமாகிப் பத்து வருடம் ஆகியும் கிராந்தில் அவர் பெயரே இருக்கும் வீடுகள் நம் சமூகத்தில் ஏராளம். அம்மா அதே வீட்டில் குடியிருக்கிறார், வரியும் கட்டி வருகிறார், ஆகவே வீடு அம்மாவுடையது என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 1955-இன் கீழோ நீதிமன்றத்தின் வழியோ வாரிசு விவகாரத்தை முடிக்காதவரை அந்த வீட்டைச் சட்டப்படி யாரும் விற்க முடியாது. வாரிசுகள் அனைவரும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். பேச்சுவார்த்தை இல்லாத தம்பியும் அவர்களில் ஒருவர். முன்பணம் வாங்கிய பிறகு இது தெரியவந்தால் வாங்குபவரிடமும் உடன்பிறந்தவர்களிடமும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

வீட்டின் மேல் வங்கிக்கடன் இருந்தால், வாங்குபவரின் வங்கி முதலில் பழைய கடனைத் தீர்க்கும். அதன் பிறகு பிணையை விடுவிக்கும் 16என் பாரமும், பெயர் மாற்றத்திற்கான 14ஏ பாரமும் நில அலுவலகத்திற்குப் போகும். அதற்கும் பிறகே விற்றவருக்குரிய மீதித் தொகை வழக்கறிஞர் கணக்கிற்கு வரும். இதற்கிடையில் நில அலுவலகத்திலிருந்து, வீட்டின் மேல் கேவியட் பதிவாகியிருப்பதாக மலாயில் ஒரு கடிதம் வரலாம். வயதானவர்கள் அதைப் பார்த்துப் பயந்துபோவதுண்டு. வாங்குபவர் தன் உரிமையைக் காத்துக்கொள்ளச் செய்யும் வழக்கமான ஏற்பாடுதான் அது. என்றாலும் கடிதத்தை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீடு விற்றாகிவிட்டது என்று மாதத் தவணையை நிறுத்திவிடக் கூடாது. கடன் முழுதும் தீரும் நாள் வரை தவணையும் வட்டியும் பழைய உரிமையாளரின் பொறுப்பே. நிறுத்தினால் நிலுவை ஏறும். வங்கிப் பதிவில் கறை விழும். அடுத்த வீட்டுக்குக் கடன் கேட்கும்போது அந்தக் கறைதான் முன்னால் வந்து நிற்கும்.

கையில் உண்மையில் எவ்வளவு?

350,000 ரிங்கிட்டுக்கு வீடு விற்ற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 10 விழுக்காடு 35,000 ரிங்கிட். சொத்து முகவரின் கட்டணம் 3 விழுக்காடு வரை போகலாம், அது 10,500 ரிங்கிட். சேவை வரி இருந்தால் அது தனி. பெரும்பாலும் இந்தக் கட்டணம் கையெழுத்தின்போதே கழிக்கப்படும். சொத்து ஆதாய வரிக்காக வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து உள்நாட்டு வருமான வரி வாரியத்திற்கு அனுப்ப வேண்டியிருந்தால் அது இன்னொரு 10,500. மிஞ்சுவது 14,000 ரிங்கிட். அதிலிருந்துதான் வழக்கறிஞர் கட்டணம் போக வேண்டும். மூன்றரை லட்சத்துக்கு வீடு விற்ற குடும்பத்திடம் அடுத்த நான்கு மாதத்திற்கு இருக்கும் பணம் இவ்வளவுதான்.

இதே குடும்பம் 400,000 ரிங்கிட்டுக்கு வேறொரு வீட்டை வாங்கப் போகிறது என்றால் முன்பணம் மட்டும் 40,000. பெயர் மாற்றத்திற்கான முத்திரைத் தீர்வை முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அதன் மேல் 500,000 வரை 2 விழுக்காடு என்ற கணக்கில் 7,000 ரிங்கிட். 360,000 ரிங்கிட் கடன் எடுத்தால் கடன் ஒப்பந்தத்திற்கு அரை விழுக்காடு, அதாவது 1,800 ரிங்கிட். முதல் வீடு வாங்குவோருக்கான தீர்வைச் சலுகை ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்களுக்குக் கிடைக்காது. பழைய கடன் தீராத வரை வங்கி அதையும் சேர்த்தே புதுக் கடனுக்கான தகுதியைக் கணக்கிடும். இ.பி.எப். பணத்தை எடுத்து ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வீட்டுக்குப் பணம் எடுத்திருந்தால், அந்த வீட்டை விற்றதற்கான ஆதாரம் காட்டிய பிறகே இரண்டாவது வீட்டுக்கு எடுக்க முடியும்.

ஆகவே விற்றுவிட்டு வாங்கும் குடும்பங்களில் பலருக்கு நடுவில் சில மாதங்கள் வாடகை வீடு தவிர்க்க முடியாததாகிறது. இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சார, தண்ணீர் வைப்பு, முதல் மாத வாடகை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது முக்கியம். இருமுறை லோரி பிடிக்கும் செலவும் உண்டு. மாமனார் வீட்டில் ஒரு மாதம் தங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கி ஐந்து மாதம் தங்கிய கதைகளை யாரும் வெளியில் சொல்வதில்லை.

சொத்து ஆதாய வரி பற்றி ஒரு தெளிவு தேவை. குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை, 2022 ஜனவரி 1 முதல் இதுதான் நடப்பு. குடியிருக்கும் வீட்டுக்கு ஆயுளில் ஒருமுறை விலக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தினால் அது முடிந்தது. சின்ன ஆதாயத்துக்கு அதைச் செலவழிக்க வேண்டுமா என்று யோசித்துச் செய்ய வேண்டும். வரி இல்லை என்றாலும் பாரம் அனுப்பியாக வேண்டும், அதற்கான கெடு 60 நாள். 3 விழுக்காட்டுப் பிடித்தம் தங்கள் வீட்டுக்குத் தேவையா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டைப் புதுப்பித்த ரசீதுகள், பழைய வழக்கறிஞர் பில், முகவர் கட்டண ரசீது எல்லாம் இந்தக் கணக்கில் உதவும். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் பழைய காகிதம் என்று முதலில் குப்பைக்குப் போவது அந்தக் கோப்புதான்.

வீட்டுக்கடனோடு எடுத்த எம்.ஆர்.டி.ஏ. காப்புறுதி இருந்தால், கடனை முன்கூட்டியே தீர்க்கும்போது அதில் திரும்பக் கிடைக்கும் தொகை உண்டா என்று வங்கியிடம் கேட்கலாம். கேட்காதவர்களுக்கு அது தெரிவதே இல்லை. மறுபக்கம், கடன் எடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தால் 'லாக்-இன்' காலத்துக்கான அபராதம் விழலாம். அதையும் அதே நாளில் கேட்டுவிடலாம்.

பெற்றோர் வீட்டை விற்றுப் பிள்ளையோடு போகும்போது

சுங்கை சிப்புட்டிலோ பாகான் செராயிலோ இருக்கும் வீட்டை விற்றுவிட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஜொகூர் பாருவிலோ இருக்கும் மகன் வீட்டுக்கு அம்மா போய்ச் சேர்வது இன்று அதிகமாகி வருகிறது. இத்தகைய விற்பனையில் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த அம்மா எங்கே, யாரோடு, எந்த அறையில் இருக்கப் போகிறார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. விற்ற பணம் மகனின் வீட்டுக்கடனை அடைக்கப் போய்விட்டால், பிறகு மனஸ்தாபம் வரும்போது அவருக்குத் திரும்பிப் போக வீடும் இருக்காது, வாடகைக்கு எடுக்கப் பணமும் இருக்காது. பணம் அவர் பெயரில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். அதிலிருந்து யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் பிறகு நிதானமாக முடிவு செய்யட்டும். வழக்கறிஞர் அலுவலகத்தில் காசோலை யார் பெயருக்கு என்று கேட்கும் அந்த நிமிடம் வரை இந்தப் பேச்சைத் தள்ளிப் போடக் கூடாது.

அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் புது இடத்துக் கிளினிக்கிற்கு மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். மீதமுள்ள மருந்தை வேறு ஊரின் அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பெற எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு உண்டு, மருந்தகக் கவுண்டரில் கேட்டால் செய்து தருவார்கள். தாமான் மரண சகாய நிதியில் உறுப்பினராக இருந்தால், வெளியூர் போன பிறகும் சந்தா தொடருமா என்பதைக் கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பதினைந்து வருடம் கட்டிய சந்தா, முகவரி மாறியதால் ஒன்றுமில்லாமல் போனால் வருத்தமே மிஞ்சும்.

சாவி

மீதிப் பணம் முழுதும் வழக்கறிஞர் கணக்கில் சேர்ந்த பிறகே காலி வீடாக ஒப்படைப்பது என்பதுதான் ஒப்பந்த வழக்கம். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே வாங்குபவர் போன் செய்வார். "சின்ன ரெனோவேஷன்தான், டைல்ஸ் மட்டும் மாத்திக்கிறோம், சாவி கிடைக்குமா?" மறுத்தால் முகம் கோணுமே என்று கொடுத்துவிடுகிறார்கள். சுவர் இடிக்கப்பட்ட பிறகு வாங்குபவரின் கடன் ரத்தானால், விற்றவர் கையில் இருப்பது குடியிருக்க முடியாத, இன்னொருவருக்கு உடனே விற்கவும் முடியாத வீடு. அதற்கான தவணையை அவரே தொடர்ந்து கட்ட வேண்டும். வேலை செய்ய வந்தவர் ஏணியிலிருந்து விழுந்தாலும், தீப்பிடித்தாலும் வீட்டு உரிமையாளர் இன்னும் அவர்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுதித் தரும் கடிதத்தோடு மட்டும். வாய்மொழியில் வேண்டாம். வீட்டின் தீ காப்புறுதியையும் சாவி போகும் நாள் வரை ஓட விட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பணம் வந்துவிட்டது, ஆனால் புது வீடு தயாராகவில்லை. விற்ற வீட்டில் இன்னும் சில வாரம் இருக்க வேண்டியிருந்தால், வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பதை எஸ்.பி.ஏ.-இலேயே எழுதச் சொல்லலாம். கையெழுத்துக்கு முன் கேட்டால் வாங்குபவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். சாவி நாளில் கேட்டால் அவர் கோபப்படுவது நியாயமே.

ஆடியும் மார்கழியும்

ஒப்பந்தத் தேதியைக் குறிக்கும்போது வழக்கறிஞர் ஆங்கில நாள்காட்டியைப் பார்ப்பார். வீட்டுப் பெரியவர்கள் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள். இரண்டும் மோதுவது கடைசி வாரத்தில்தான் தெரியவரும். மார்ச் மாதத்தில் கையெழுத்திட்டால் நான்காம் மாதம் ஜூலை. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆகஸ்டு கடைசியில் கையெழுத்திட்டால் டிசம்பர் கடைசி, அப்போது மார்கழி. இந்த மாதங்களில் பால் காய்ச்ச மாட்டோம் என்றிருக்கும் குடும்பங்கள், சிலருக்குப் புரட்டாசியும் சேர்த்து, கையெழுத்தன்றே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிடுவது சிரமமில்லை. சாவி தேதியை இரண்டு வாரம் தள்ளி எழுதலாம். அல்லது வாடகை வீட்டிலோ புது வீட்டிலோ ஆடிக்கு முன்பே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, உப்பு, மஞ்சள், அரிசி, விளக்கு மட்டும் வைத்துவிட்டு, சாமான்களைப் பிறகு ஏற்றலாம். பல குடும்பங்கள் இப்படித்தான் சமாளிக்கின்றன. நாளே பார்க்காதவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு, மற்றவர்கள் நகராத மாதத்தில் லோரி எளிதாகக் கிடைக்கும்.

எது வீட்டோடு, எது நம்மோடு

சுவரில் பொருத்தியது வீட்டோடு போகும், தூக்கிக்கொண்டு போகக்கூடியது நம்மோடு வரும் என்பது பொதுவான புரிதல். சண்டை வருவது நடுவில் உள்ளவற்றில்தான். குளிரூட்டி, சுடுநீர்ச் சாதனம், மின்விசிறி, சமையலறை கேபினட், திரைச்சீலைக் கம்பி, ஆஸ்ட்ரோ தட்டு. வாங்குபவர் வீட்டைப் பார்க்க வந்தபோது அவையெல்லாம் இருந்தன. சாவி நாளில் சுவரில் ஓட்டை மட்டும் இருந்தால் அவர் விடமாட்டார், அவருடைய வழக்கறிஞரும் பணத்தை நிறுத்திவைக்கச் சொல்லலாம். எது போகிறது, எது இருக்கிறது என்பதை எழுதி, ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படமெடுத்து ஒப்பந்தத்தோடு சேர்ப்பது அரை மணி நேர வேலை.

வாசலில் நட்ட கறிவேப்பிலையும் முருங்கையும் மண்ணோடு சேர்ந்தவை, வீட்டுக்காரருடையவை. முருங்கையில் ஒரு போத்தும், கறிவேப்பிலையின் பக்கக் கன்று ஒன்றும் எடுத்துக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு மாதம் முன்பே தொட்டியில் வைத்தால்தான் லோரி பயணத்தைத் தாங்கும்.

இருபது முப்பது வருடம் வாழ்ந்த வீட்டில் சாமான்கள் குறைவாக இருக்காது. எவர்சில்வர் பாத்திரம் மூன்று பெட்டி, யாருடைய கல்யாணத்தில் வந்தது என்றே தெரியாத கண்ணாடிக் கிளாஸ் செட், பின்கட்டில் அம்மி, ஆட்டுக்கல். புது வீடு அடுக்குமாடி என்றால் ஆட்டுக்கல்லை எங்கே வைப்பது என்பதை லோரிக்காரர் வாசலில் நிற்கும்போது யோசிக்க முடியாது. கையெழுத்தான வாரத்திலேயே ஓர் அறையைத் தொடங்கிவிட வேண்டும். ஸ்டோர் அறைதான் முதலில், சமையலறை கடைசியில். பழைய மெத்தை, உடைந்த அலமாரி போன்றவற்றைத் தெருவோரம் கொட்டினால் அபராதம். ஜொகூர், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் வாரம் ஒருமுறை மறுசுழற்சிப் பொருளோடு பெரிய கழிவும் எடுக்கப்படுகிறது. மற்ற மாநிலங்களில் ஊராட்சி மன்றத்திடம் கேட்கலாம்.

காலி செய்த வீட்டின் பின்புறத்தில் வாளி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஆளில்லாத வீட்டில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராத நோட்டீஸ் வீட்டு உரிமையாளர் பெயரில்தான் வரும். சாவி இன்னும் கொடுக்கவில்லை என்றால் அது விற்றவர்தான்.

வாசலில் சாமி இருந்தால்

படங்களும் விளக்கும் எளிது. அவற்றைத் தனியே துணியில் சுற்றி, கடைசியாக எடுத்துப் புது வீட்டில் முதலாவதாக உள்ளே கொண்டுபோகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கறை படிந்த, உடைந்த படங்களைக் குப்பைத் தொட்டியருகே வைத்துவிட்டுப் போவதும், ஆலமரத்தடியில் குவித்துவிட்டுப் போவதும் இரண்டுமே நல்லதல்ல. கோயிலில் கொடுப்பதென்றாலும் முதலில் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும், எல்லாக் கோயிலும் வாங்குவதில்லை.

வீட்டு வளாகத்தில் முனீஸ்வரருக்கோ காளியம்மனுக்கோ சிறு மாடம் கட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பெரிய விஷயம். தோட்டத்திலிருந்து கிளம்பியபோது கொண்டு வந்த கல்லாக இருக்கும், தாத்தா வைத்த சூலமாக இருக்கும். வாங்குபவர் வேறு சமயத்தவராக இருக்கலாம். இந்துவாக இருந்தாலும் இன்னொரு குடும்பத்தின் தெய்வத்தை அவர் வழிபடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. சாவி கொடுத்த பிறகு மாடம் இடிக்கப்படும். அதில் அவர் செய்யும் தவறு எதுவும் இல்லை. ஆகவே பூசாரியிடம் பேசி, முறைப்படி பூசை செய்து எடுத்து, எங்கே வைப்பது என்பதை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்ய வேண்டும். அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் உறவினர் வீட்டிலோ, ஏற்றுக்கொள்ளும் கோயிலிலோ இடம் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். எடுத்த பிறகு மேடையையும் சுத்தமாக நீக்கிக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

மீட்டர், வரி, பராமரிப்பு

தெனாகா கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் சாவி நாளோடு மூட வேண்டும், அல்லது வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் புதியவர் ஓட்டும் குளிரூட்டியின் பில் பழைய பெயருக்கே வரும். கணக்குத் தொடங்கியபோது கட்டிய வைப்புத்தொகை பாக்கி கழித்துத் திரும்பக் கிடைக்கும். பழைய வீடுகளில் தாத்தா பெயரிலேயே கணக்கு இருப்பதுண்டு, அதற்கு இறப்புச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்கள் தேவைப்படும் என்பதால் முன்னதாகவே கவுண்டருக்குப் போக வேண்டும். சாவி கொடுக்கும் நேரத்தில் இரண்டு மீட்டரையும் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்வது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். இண்டா வாட்டர் பாக்கியைப் பலர் மறந்தே போகிறார்கள், ஒப்பந்தம் முடிக்கும்போது வழக்கறிஞர் அதைக் கேட்பார்.

நிலவரி மே மாத இறுதிக்குள். 'சுக்காய் பிந்து' என்ற மதிப்பீட்டு வரி பிப்ரவரி, ஆகஸ்டு இறுதிக்குள். சாவி நாள் வரை விற்றவர், அதன் பின் வாங்குபவர் என்று நாள் கணக்கில் பிரிக்கப்படும். முன்கூட்டியே கட்டியிருந்தால் மிச்சம் விற்றவருக்குத் திரும்ப வரும், ரசீது இருந்தால். பிளாட், அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டண நிலுவை இல்லை என்று நிர்வாகத்திடம் கடிதம் வாங்க வேண்டும். அங்கே சாமான் இறக்க லிப்டுக்கு முன்பதிவும், சில இடங்களில் வைப்புத்தொகையும் கேட்பார்கள்.

முகவரியும் பள்ளியும்

முகவரி மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மைகாட் முகவரியைப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் வாக்களிக்கும் தொகுதியும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தேர்தல் ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். செய்யாதவர்கள் தேர்தல் நாளன்று பழைய ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளின் பள்ளி மாற்றத்தைத் தற்போது படிக்கும் பள்ளியின் வழியாகவே தொடங்க வேண்டும். புது முகவரிக்கான ஆதாரம் கேட்பார்கள். எஸ்.பி.ஏ. நகல் அல்லது வாடகை ஒப்பந்தம் போதுமா என்று தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். புது வீடமைப்புப் பகுதிக்குப் போகும் குடும்பங்கள் பள்ளியைக் கடைசியில் பார்ப்பதால், அருகில் தமிழ்ப்பள்ளி இருந்தும் தெரியாமல் வேறு பள்ளியில் சேர்த்துவிடுவது நடக்கிறது. வீடு பார்க்கப் போகும் நாளிலேயே பக்கத்துத் தமிழ்ப்பள்ளி எத்தனை கிலோமீட்டர், பள்ளி வேன் அந்தத் தாமானுக்குள் வருமா என்று விசாரித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. நடு ஆண்டில் மாறுவதைவிடப் பள்ளி விடுமுறையில் மாறுவது பிள்ளைகளுக்கு எளிது. சாவி தேதி அதற்கு ஒத்துவரவில்லை என்றால், சில வாரம் பழைய பள்ளிக்கே கொண்டுபோய் விடும் பெற்றோரும் உண்டு.

கடைசி நாளில் கொடுக்க வேண்டியவை முன்கதவுச் சாவி மட்டுமல்ல. கிரில், பின்கதவு, அறைகள், தபால் பெட்டி, தானியங்கி கேட்டின் ரிமோட், அடுக்குமாடி நுழைவு அட்டை, கார் நிறுத்துமிட ஸ்டிக்கர் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருக்கும் சாவியையும் அன்று காலையிலேயே வாங்கிவிட வேண்டும்.